நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிளின் சீரற்ற ஓட்டம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையம் உண்டு. சாலையோ எல்லைச் சாவடியைக் கடந்து செல்கிறது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில், ஒரு மாநிலத்தில் குடியிருந்து மறு மாநிலத்தில் வேலை பார்ப்போரும் உளர். தென்னந்தோப்புகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களை அடைய வேண்டிய கால்நடை ஆய்வாளர், சுகாதார ஊழியர், வேளாண்மை உதவியாளர், ஆசிரியர் ஆகியோருக்கு மோட்டார் சைக்கிளைவிட ஏற்ற வாகனம் இல்லை எனலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. நான்கு கட்டங்களாக நீண்டு மே 31இல் முடிந்த அந்த 68 நாட்களும், இன்றியமையாப் பணிகளில் ஈடுபட்டோரின் வண்டிகள் ஓடின. ஏனையோரின் வண்டிகள் வீட்டுத் தாழ்வாரங்களில் நின்றன. ஆசிரியர்களின் வண்டிகளுக்கு ஓய்வு இன்னும் நீண்டது. கேரளத்தில் தொடக்க வகுப்புகள் பள்ளியில் மீண்டும் கூடியது 2021 நவம்பர் 1ஆம் தேதியன்றுதான். ஊரடங்கு அரிய நிகழ்ச்சி. எனினும் கோடை விடுமுறை, வெளியூர்ப் பயிற்சி, நோய், வளைகுடா நாட்டு வேலை என்று வண்டி நின்றுபோவதற்கு வேறு காரணங்கள் என்றும் உண்டு.

இவ்வாறு நின்ற வண்டியில் காணும் கோளாறு பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தது. பல முறை உதைத்த பின்னரே இஞ்சின் கிளம்பும். அதுவும் சோக்கை இழுத்தால்தான். சோக்கைத் தள்ளிய உடனே இருமி அணையும். வேகமாகச் செல்லும்போது ஒருவாறு ஓடும் வண்டி, மெதுவாகச் செல்லும்போது விட்டுவிட்டு வெடிக்கும். மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். சாவடியில் லாரிகளின் நடுவே அணைந்துபோகும் வண்டி வெறும் தொல்லை மட்டுமன்று, அபாயமும் ஆகும். குளிர்ப்பெட்டியில் தடுப்பூசி மருந்துடன் புறப்பட்ட கால்நடை ஊழியர் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றால், அன்று பயனற்றுப் போவது பெட்ரோல் மட்டுமன்று.

நிற்கும் யந்திரத்தில் என்ன நிகழ்கிறது?

இந்தக் கோளாறை ஆராயப் புகுவோர் முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். கடைசியாக நிறுத்திய நாளன்று வண்டி நன்றாக ஓடியது. ஆகவே தேய்மானம் காரணமாக இருக்க இயலாது. ஓடாத பிஸ்டன் தேய்வதில்லை. கார்புரேட்டரின் திருகுகள் தாமே சுழன்று இடம் மாறுவதுமில்லை. நிற்கும் காலத்தில் மாறக்கூடியவை மிகச் சில: பெட்ரோல் மாறும், பாட்டரி வலுவிழக்கும், ஈரம் புகும், பூச்சியும் எலியும் குடியேறும், ரப்பர் இறுகி வெடிக்கும். காரணத்தை இவற்றுள்ளேயே தேட வேண்டும். ஆயினும் வண்டியின் சொந்தக்காரர் பலர் முதலில் செய்வது என்ன? திருப்புளியை எடுத்துக் காற்றுத் திருகையும் ஸ்லோ திருகையும் முறுக்குவதே. மாறாதிருந்த ஒன்றை மாற்றுவதால், ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு ஆகின்றன. பின்னர் உண்மைக் காரணம் நீங்கினாலும் வண்டி சீராக ஓடாது. நோய் தீரவில்லை என்று எண்ணி இன்னும் பல பாகங்களைக் கழற்ற நேரிடும்.

நிற்கும் வண்டியில் முதலில் கெடுவது பெட்ரோலே. அது ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகளும், மெல்ல ஆவியாகும் கனமான பகுதிகளும் சேர்ந்த கலவை. குளிர்ந்த இஞ்சின் கிளம்புவதற்கு உதவுவன இலேசான பகுதிகள். முதலில் ஆவியாகி மறைவனவும் அவையே. எஞ்சிய பகுதியிலுள்ள சில பொருள்கள் காற்றின் பிராணவாயுவுடன் மெல்லச் சேர்ந்து பிசின் போன்ற படிவாக மாறுகின்றன. புதிய பெட்ரோலின் கூரிய நெடி குறைந்து, வார்னீஷை ஒத்த மணம் தோன்றுவது இதன் அடையாளம். நிறமும் சற்றே மங்கும்.

தொட்டியில் இம்மாறுதல் மெதுவாகவும், கார்புரேட்டரின் மிதவை அறையில் விரைவாகவும் நிகழ்கிறது. மிதவை அறை சிறியது, வெளிக்காற்றுடன் தொடர்புள்ளது. அதிலுள்ள பெட்ரோல் சில வாரங்களில் வற்றிவிடும். பெட்ரோல் டேப் மூடப்பட்டிருந்தால் கேடு அத்துடன் நிற்கும். டேப் திறந்திருந்தாலோ, வற்றும்தோறும் மிதவை தாழ்ந்து, தொட்டியிலிருந்து மேலும் பெட்ரோல் இறங்கும், அதுவும் வற்றும். உப்பளத்துப் பாத்தியில் நீரைப் பாய்ச்சி வற்ற வைத்து, மீண்டும் பாய்ச்சுவதால் உப்பு தடிப்பது எப்படியோ, அப்படியே மிதவை அறையின் அடியிலும் பிசின் தடிக்கிறது. இருபது ரூபாய்ப் பொருளுக்குச் செய்யும் கவனத்தைக்கூட இந்தச் சிறு டேப்புக்குப் பலர் செய்வதில்லை.

ஒரு சிறு கணக்கு

படிவு எங்கும் ஒரே அளவில் தடித்தாலும், அதனால் விளையும் கேடு எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. 100 சி.சி. வகை வண்டிகளின் கார்புரேட்டரில், இஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் ஸ்லோ ஜெட்டின் துளை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. வேகத்தில் பணியாற்றும் மெயின் ஜெட்டின் துளை அதனினும் பெரிது. கணக்கின் வசதிக்காக 1 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். இரண்டின் உட்சுவரிலும் 0.05 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிசின் படிந்ததாக வைத்துக்கொண்டால், இரண்டின் விட்டமும் 0.1 மில்லிமீட்டர் குறையும். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. மெயின் ஜெட்டில் 0.9இன் வர்க்கம் 0.81, அதாவது 81 சதவிகிதம் வழி எஞ்சுகிறது. ஸ்லோ ஜெட்டிலோ 0.3ஐ 0.4ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.56, ஏறத்தாழப் பாதி வழியே எஞ்சுகிறது.

நின்ற வண்டி வேகத்தில் ஓடுவதும் மெதுவில் அணைவதும் ஏன் என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே உள்ளது. மெதுவில் ஓடும் இஞ்சினுக்குக் காற்று குறையவில்லை, பெட்ரோல்தான் பாதியாகிவிட்டது. கலவை நீர்த்துப்போவதால் சில சுற்றுகளில் தீப்பற்றுகிறது, சிலவற்றில் பற்றுவதில்லை. சோக்கை இழுக்கும்போது காற்று தடுக்கப்பட்டு அல்லது மிகை பெட்ரோல் சேர்க்கப்பட்டு அந்தக் குறை ஈடுசெய்யப்படுகிறது. ஆகையால் சோக்குடன் ஓடி, சோக்கின்றி அணையும் வண்டி, தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. எட்டாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். மாணவருள் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு வண்டி இருக்கும்.

எரிசாராயமும் நீரும்

இன்று விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயம் கலந்துள்ளது. ஊரடங்கு ஆண்டில் நாட்டுச் சராசரி 5 சதவிகித அளவில் இருந்தது. 2022 ஜூனில் 10 சதவிகிதத்தையும் 2025இல் 20 சதவிகிதத்தையும் எட்டியது. 2020இல் நின்ற வண்டியின் அனுபவத்தை இன்று நிற்கும் வண்டிக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது என்பதற்கு இது ஒரு காரணம்.

பெட்ரோல் நீருடன் சேராது. எத்தனாலோ இரண்டுடனும் சேரும். பெட்ரோலிலுள்ள எத்தனால், காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாகத் தன்னுள் வாங்கிக் கொள்கிறது. அளவு குறைவாக உள்ளவரை தீங்கில்லை. அந்த நீர் கலவையுடன் சேர்ந்தே எரிந்துபோகும். 10 சதவிகிதக் கலவை ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிலிட்டர் நீரைத் தாங்கும், எத்தனால் மிகுந்தால் தாங்கும் அளவும் மிகும், குளிர்ந்தால் குறையும். எல்லை மீறினாலோ, நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து கனத்தால் அடியில் தங்கும். தொட்டியின் அடியிலிருந்துதான் இஞ்சினுக்குப் பெட்ரோல் செல்கிறது. ஆகவே இஞ்சின் பெறுவது பெட்ரோலன்று, நீர் கலந்த சாராயம். மேலே எஞ்சிய பெட்ரோலும், எத்தனாலை இழந்தமையால், தன் ஆக்டேன் தரத்தில் தாழ்ந்துவிடுகிறது.

ஈரம் எவ்வாறு உட்புகுகிறது? பகலில் சூடேறும் தொட்டி காற்றையும் ஆவியையும் வெளியேற்றுகிறது. இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. வண்டி நின்றாலும் தொட்டி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ளது மீனாட்சிபுரம். பங்குனி, சித்திரையில் வெயில் கடுமை. ஜூன் மாதத்தில் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காற்று ஈரத்துடன் வீசத் தொடங்கும். கோடையில் பாதித் தொட்டியுடன் நிறுத்திய வண்டி பருவமழைக் காலத்தையும் கடந்து நின்றால், காலியான மேற்பாதியில் துரு பிடிக்கும். அத்துரு உதிர்ந்து டேப்பின் வலையில் தங்கும். பாதி நிறைந்த தொட்டி, நிறைந்த தொட்டியைவிடக் கேடானது.

பெட்ரோலில் எத்தனால் உள்ளதை மேல்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்து அளவு ஜாடியைக் கொண்டே காட்டலாம். 100 மில்லிலிட்டர் பெட்ரோலுடன் 10 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்து, மூடி, மெல்லக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் இரு படலங்கள் தெளிவாகப் பிரியும். கீழ்ப்படலம் 10 மில்லிலிட்டராக இராது. 20 சதவிகிதக் கலவையாயின் 30 மில்லிலிட்டரை நெருங்கும். மிகுந்த பகுதி நீருடன் போய்ச் சேர்ந்த எத்தனாலே. சோதனையை ஆசிரியரே, திறந்த வெளியில், அருகே நெருப்பின்றிச் செய்ய வேண்டும். குலுக்கும்போது ஆவியின் அழுத்தம் மிகுமாதலால் மூடியை அடிக்கடி தளர்த்துதல் அவசியம். மாணவர் கையில் ஜாடியைக் கொடுத்தல் கூடாது.

சோதிக்கும் ஒழுங்கு

கருவி எதையும் எடுக்குமுன் ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பெட்ரோலைத் தொட்டியிலிருந்து டேப்பின் வழியே வடித்து, கால் மணி நேரம் அசையாது வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனிப் படலமோ, துருத் தூளோ, கலங்கலோ காணப்பட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டுவதில்லை. தொட்டி முழுவதையும் வடித்துவிட வேண்டும். தெளிவாக இருந்து, வண்டி ஒரு மாதமே நின்றிருந்தால், அப்பெட்ரோலையே பயன்படுத்தலாம். மூன்று மாதத்திற்கு மேற்பட்டால் ஐயுறுதல் நன்று. ஆறு மாதமானால் பார்வைக்குத் தெளிவாயினும் வடித்துவிடுவதே சிக்கனம்.

பெட்ரோலை ரப்பர்க் குழாயின் வழியே வாயால் உறிஞ்சி இறக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நுரையீரலுக்குள் சென்ற ஒரு மிடறு பெட்ரோல் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும். டேப் இல்லாத வண்டிகளுக்குக் கையால் அழுத்தும் குமிழ்க் குழாய் மலிவாகக் கிடைக்கிறது.

அடுத்து, கோளாறு எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இது கருவியின்றிச் செய்யும் சோதனை. ஆனால் கருவிகளைவிட மிகுதியாகச் சொல்லக்கூடியது. மெதுவில் மட்டும் மிஸ்ஸிங் எனின் ஸ்லோ ஜெட் அடைப்பே முதற் காரணம். முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நன்றாக ஓடி, பின் பெட்ரோல் தீர்ந்ததுபோல் அணைந்து, சிறிது நேரம் நின்றால் மீண்டும் கிளம்புமாயின், தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கலாம். உள்ளே காற்று புகாவிடில் பெட்ரோல் கீழே இறங்காது. கவிழ்த்த செம்பின் வாயை விரலால் அடைத்தாற் போன்றது. அணைந்தவுடன் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே புகும் ஓசை கேட்டு, வண்டியும் உடனே கிளம்பினால் ஐயமில்லை. மூடியைத் திறந்தும் பயனின்றி, ஆறிய பின்னரே கிளம்பினால், சூட்டில் செயலிழக்கும் மின்சுருளை ஐயுறலாம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் புதிய சுருளை வாங்கியபின் மூடியில் ஒரு குண்டூசியால் தீர்ந்திருக்கும் கோளாறென்று அறிவது வருந்தத்தக்கது.

மெது ஓட்டம் தானே உயர்ந்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பின்னும் தணியாவிட்டால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்துக் காற்று புகுகிறது என்று கொள்ளலாம். ஓடும் இஞ்சினில் அவ்விணைப்பின்மேல் சிறிது சோப்பு நீரைத் தூரிகையால் தடவ, ஓட்டத்தில் மாறுதல் தோன்றும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பர். சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் தெளிப்பது தீயை அழைப்பதற்குச் சமம். எல்லா வேகத்திலும் ஒழுங்கின்றி வெடிப்பு தவறுமாயின் பிளக், அதன் தொப்பி, மின்கம்பி ஆகியவற்றை நோக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் எக்கோளாறுக்கும் பயன்படும். நுனி இளம் பழுப்பாயின் நலம். உலர்ந்த கருங்கரியாயின் பெட்ரோல் மிகை, அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. சோக் முழுதும் திரும்பாமலும் இருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி இல்லை, அல்லது பல முறை உதைத்ததில் வெள்ளமாகிவிட்டது. வெண்மையாயின் கலவை நீர்த்துள்ளது. இரு முனைகளின் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. கையேட்டில் உள்ளதே முடிவு.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தல்

ஸ்லோ ஜெட் அடைப்பு உறுதியான பின்னரே கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். புதிய பெட்ரோலுடன் கலக்கும் சுத்திகரிப்புத் திரவங்கள் இலேசான படிவுக்கு ஓரளவு உதவும். துளை முற்றும் அடைந்திருந்தால் அதன் வழியே திரவம் செல்வதே இல்லை, ஆதலின் பயனுமில்லை.

காற்றுத் திருகைக் கழற்றுமுன் அதனை மெல்ல உட்புறம் முறுக்கி, எத்தனை சுற்றில் தரை தட்டுகிறது என எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரைச் சுற்று எனில் திரும்பப் பூட்டும்போது அதே ஒன்றரைச் சுற்று வெளியே விடப்படும். முன்னர்ச் சொன்ன விதி இங்கும் பொருந்தும். வண்டி நன்றாக ஓடிய நாளின் அமைப்பு அது; அதனை இழந்துவிடலாகாது. இறுக்கி முறுக்கினால் கூரிய நுனி நசுங்கும்.

ஜெட்டுகள் பித்தளையால் ஆனவை. எஃகுக் கம்பியோ ஊசியோ செருகினால் துளை அகலும். அகன்ற துளையை மீண்டும் குறுக்க வழியில்லை. கார்புரேட்டர் சுத்திகரிப்பானில் ஊற வைத்து, மென்மையான செப்பு இழை ஒன்றால் தடவி, சைக்கிள் பம்பினால் காற்றைச் செலுத்தினால் போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கையில் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் வேலை முடியவில்லை. ஜெட்டுடன் நில்லாது, அது இணையும் உடலிலுள்ள நுண்ணிய வழிகளிலும் காற்றைச் செலுத்துதல் முக்கியம். ஒரு முறை சுத்தம் செய்தும் கோளாறு தீராத கார்புரேட்டர்களில் பெரும்பாலும் விடுபட்ட இடம் இதுவே. சுத்திகரிப்பான் படுமுன் ரப்பர் வளையங்களையும் சவ்வையும் அகற்றிவிட வேண்டும்.

மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி போன்ற இரு வீச்சு வண்டிகளைப் பேணுவோருக்கு ஒரு குறிப்பு. பெட்ரோல் ஆவியான பின் அதில் கலந்த எண்ணெய் எஞ்சி நிற்கும். ஆதலால் முதல் சில நிமிடம் புகை மிகுவதும், பிளக் எண்ணெய்ப் பசையாவதும் இயல்பே. இவற்றிலும் பழைய புல்லட்டிலும் உள்ள தொடுமுனைகள் நிற்கும்போது ஆக்ஸைடு படிந்து மங்கும். மெல்லிய உப்புக் காகிதத்தால் இரு முறை இழுத்து, தூளைத் துடைத்தபின் இடைவெளியை அளந்தால் பொறி திரும்பிவிடும். இரு வீச்சு வண்டியை நீர்த்த கலவையில் வேகமாக ஓட்டிப் பார்த்தல் கூடாது; பெட்ரோலுடனேயே மசகெண்ணெயும் குறைவதால் பிஸ்டன் இறுகிவிடும்.

பெட்ரோல் பீச்சும் வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் தயாரான மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. மின் பம்பும் பீச்சுகுழலும் அவ்வேலையைச் செய்கின்றன. இவற்றில் வற்றும் மிதவை அறை இல்லாமையால் பிசின் கோளாறு குறைவு. அதற்கு ஈடாகப் பாட்டரியின் பொறுப்பு மிகுந்துவிட்டது. பழைய வண்டியில் பாட்டரி செத்தாலும் உதைத்துக் கிளப்பிவிடலாம். புதியவற்றில் பம்பு, பீச்சுகுழல், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் பாட்டரியை நம்பியவை. பலவற்றில் உதைக்கும் கட்டையே இல்லை.

சாவியைத் திருப்பியதும் தொட்டியினுள் இரண்டு நொடி ரீங்காரம் கேட்க வேண்டும். அது பம்பின் ஒலி. கேட்காவிடில் பம்பைக் குறை கூறுமுன் பாட்டரியை அளக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் ஈயப் பாட்டரி 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் நிறைவு, 12.4 எனில் முக்கால், 12.0 எனில் ஏறத்தாழக் காலி. குறைந்த பாட்டரியை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட் இறுகி, பின் மின்னேற்றியும் பயன்படாது. மின்னேற்றும் அளவு, ஆம்பியர்-மணிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய விதி. 5 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு அரை ஆம்பியர். நீர் ஊற்றும் வகையாயின் வாலை வடித்த நீரையன்றிக் கிணற்று நீரை ஊற்றலாகாது. ஓடும் இஞ்சினில் பாட்டரி இணைப்பை அகற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் இவ்வண்டிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பாழாக்கக்கூடும். பீச்சுகுழலில் உண்மையாகவே படிவு இருப்பின் அதனைச் சுத்தம் செய்தல் பணிமனையின் வேலை.

குடியேறிய உயிர்கள்

இறுதியாகச் சொல்லப்படினும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தென்னை மிகுந்த இவ்வட்டாரத்தில் எலிக்கும் அணிலுக்கும் நார் தேட வேண்டியதில்லை. காற்று வடிகட்டிப் பெட்டி அவற்றுக்கு இருட்டும் கதகதப்பும் உள்ள அறை. சைலன்சரின் வாயிலும், மிதவை அறையின் காற்றுக் குழாயிலும் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும். ஈர்க்குச்சியின் கனமே உள்ள அக்குழாய் அடைந்தால் மிதவை அறைக்குப் பெட்ரோல் சரியாக இறங்காது. பிளக், சுருள், ஜெட் அனைத்தையும் மாற்றியும் கோளாறு நீங்காது.

இத்தகைய அடைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு துயர உதாரணம் உண்டு. 1996 பிப்ரவரி 6ஆம் தேதி டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து எழும்பிய ஒரு போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். அவ்விமானம் அதற்கு முன் சில வாரங்கள் பறக்காமல் நின்றிருந்தது. வேகத்தை அளக்கும் குழாயொன்று அடைந்து தவறான வேகத்தைக் காட்டியதே விபத்தின் தொடக்கம். அடைத்தது குளவியின் மண்கூடாக இருக்கலாம் என்று புலனாய்வினர் கருதினர்.

ஆகவே இஞ்சினைக் கிளப்புமுன் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து நோக்குவதும், தொங்கும் ரப்பர்க் குழாய்களின் நுனிகளை விரலால் நசுக்கிப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. மின்கம்பிகளை எலி கடித்திருந்தால் அதுவும் அப்போதே தெரியும். எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை எடுத்துப் பார்க்கையில் எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. மாற்றிய பின்னரே கிளப்ப வேண்டும். கிளப்பும்போது வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய அறையில் ஓடும் இஞ்சினின் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நிறுத்தி வைக்கும் முறை

ஊரடங்கின்போது வாரந்தோறும் இரண்டு நிமிடம் வண்டியைக் கிளப்பி அணைத்தோர் பலர். நல்ல எண்ணமே, ஆனால் பயன் ஐயத்துக்குரியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. இஞ்சினும் சைலன்சரும் நன்கு சூடேறாவிடில் அந்த ஆவியின் ஒரு பகுதி உள்ளேயே நீராகத் தங்கித் துருவையும் எண்ணெய்க் கெடுதலையும் விளைவிக்கும். கிளப்பிய மின்சாரத்தைப் பாட்டரி இரண்டு நிமிடத்தில் திரும்பப் பெறுவதுமில்லை. பதினைந்து, இருபது நிமிடம் சாலையில் ஓட்ட இயலுமாயின் ஓட்டலாம். இயலாவிடில் தொடாமல் விடுவதே மேல்.

நீண்ட நாள் நிற்கப்போகும் வண்டியின் தொட்டியை விரிவுக்குச் சிறிது இடம் விட்டு நிரப்பி, டேப்பை மூடி, இஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டால் மிதவை அறை காலியாகிவிடும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, மாதம் ஒரு முறை மின்னேற்ற வேண்டும். நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் டயர் ஒரே இடத்தில் நசுங்காது. மேலே பருத்தித் துணி போர்த்துக; பிளாஸ்டிக் தாள் ஈரத்தை அடியில் சிறைப்படுத்தும். சைலன்சர் வாயைத் துணியால் கட்டி, கட்டியிருப்பதை ஒரு சீட்டில் எழுதிச் சாவியுடன் கோத்து வைக்க வேண்டும். திரும்பி வந்து வண்டியை எடுப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டுதல் ஆகாது. மூடியுள்ள உலோகக் கலத்தில் ஊற்றி, ‘பழைய பெட்ரோல்’ என்று எழுதி, பணிமனையில் ஒப்படைக்கலாம். குடிநீர்ப் புட்டியில் வைத்தல் ஒருபோதும் கூடாது.